13க்கு வர்க்கம் 109னு எழுதிட்டு வந்திருக்கா, எப்படிப் புரிய வைக்கிறது?

திருநகர்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு எட்டாவது படிக்கிறா, தமிழ் மீடியம். வர்க்கம் வர்க்கமூலம் பாடத்துல டெஸ்ட் வச்சு 25க்கு 9 வாங்கிட்டு வந்துருக்கா. பேப்பரப் பாத்தா ஒரு எடத்துல 6² = 12, சரி அது அவசரத்துல எழுதுனதுன்னு விட்டுரலாம், ஆனா 13² = 109ன்னு போட்டுருக்கா, ஏன்டி இப்படின்னு கேட்டா 10க்கு வர்க்கம் 100, 3க்கு வர்க்கம் 9, கூட்டுனா 109 தானம்மான்னு அம்புட்டு தெளிவா சொல்றா, எனக்கே ஒரு நிமிஷம் சரின்னு பட்டுருச்சு. 20 வரைக்கும் மனப்பாடம் பண்ணச் சொல்லிருக்காங்க, ராத்திரி ஒப்பிக்கிறா, காலைல கேட்டா முழிக்கிறா. இதுல 2, 3, 7, 8ல முடியுற நம்பர் வர்க்க எண்ணாவே இருக்காதாம், அது ஏம்மான்னு வேற கேக்குறா. நான் பத்தாவதோட நிறுத்துனவ, என்னத்தச் சொல்ல? யாராச்சும் புரியுற மாதிரி சொல்லுங்களேன்.

பழைய_பெஞ்ச்:
மனப்பாடம்தான்மா வழி. எங்க காலத்துல 30 வரைக்கும் ஒப்பிச்சுட்டுத்தான் சோறு. இப்பப் புள்ளைங்களுக்கு ரொம்பச் செல்லம்.

டைல்ஸ்_வில்லாபுரம்:
அண்ணே ஒப்பிச்சதுல ஒண்ணு மறந்துருச்சுன்னா அப்பறம் எதப் பிடிச்சுட்டுக் கண்டுபிடிக்கிறது? அக்கா, நான் டைல்ஸ் ஒட்டுற வேலை பாக்குறேன், படிப்பு கம்மி, ஆனா இந்த 109 மேட்டர் எங்களுக்குத் தினசரி வேலை. 13க்கு 13 அடி ரூம், அடிக்கு அடி கல்லுன்னு வச்சுக்கங்க. ஒரு மூலைலேர்ந்து 10க்கு 10 ஒட்டுறோம், 100 கல்லு. எதுத்த மூலைல 3க்கு 3, அது 9 கல்லு. உங்க பொண்ணு இதோட கைய கழுவிட்டு எந்திரிச்சுருச்சு. ஆனா ரெண்டு பட்டை சும்மா கெடக்குல்ல, வலப்பக்கம் 10க்கு 3ல ஒண்ணு, கீழ 10க்கு 3ல ஒண்ணு, 30ம் 30ம் 60 கல்லு. 100 + 60 + 9, மொத்தம் 169. கட்டம் போட்ட நோட்டுல 13க்கு 13 கட்டத்த அடைச்சு நாலு துண்டுக்கும் நாலு கலர் அடிக்கச் சொல்லுங்க, அந்த 60ஐ அவளே பாத்துருவா.

இன்னொண்ணு. எங்க தொழில்ல 100 சதுர அடிய ஒரு சதுரம்னு சொல்லுவோம். 10க்கு 10 ரூம் ஒரு சதுரம். 20க்கு 20ன்னா ரெண்டு சதுரம்னு நெனப்பாங்க, நாலு வரும். நீளமும் டபுளு, அகலமும் டபுளுல்ல. இதச் சொல்லிச் சொல்லியே வீட்டுக்காரங்ககிட்ட எனக்குத் தொண்டை வத்திப் போச்சு, கூலி கேக்குறப்பதான் எல்லாருக்கும் கணக்கு மறந்துரும்.

மேலூர்_டியூஷன்:
தம்பி சொன்னதுதான் பத்தாவது வரைக்கும் (a+b)² = a² + 2ab + b²னு வரப்போகுது, அந்த 2ab தான் அந்த ரெண்டு பட்டை. அங்க வந்து முழிக்கிற பசங்க பூராம் எட்டாவதுல 109 போட்டவங்கதான், அனுபவத்துல சொல்றேன்.

கடைசி இலக்கக் கேள்விக்கு வர்றேன். 43ஐ 43ஆல பெருக்குறோம்னா ஒன்றாம் இடத்துல என்ன வரும்னு 3×3 மட்டும்தான் முடிவு பண்ணும், 40லேர்ந்து வர்றது எல்லாமே பத்து பத்தா வர்றதால அந்த எடத்தத் தொடாது. அதனால எம்புட்டுப் பெரிய நம்பரா இருந்தாலும் 0லேர்ந்து 9 வரைக்கும் பத்து நம்பரப் பாத்தாப் போதும். வர்க்கத்தோட கடைசி இலக்கத்த மட்டும் வரிசையா எழுதுனா 0, 1, 4, 9, 6, 5, 6, 9, 4, 1. 2, 3, 7, 8 அந்தப் பக்கமே வரலல்ல, அதான் காரணம். அந்த 5க்கு ரெண்டு பக்கமும் கண்ணாடில பாத்த மாதிரி இருக்குறதையும் காட்டுங்க, புள்ளைங்களுக்குப் பிடிக்கும்.

ஆனா இதத் திருப்பிப் பிடிச்சுக்கக் கூடாது. 6ல முடியுறதெல்லாம் வர்க்கம் இல்ல, 46 வர்க்கம் இல்லியே. சந்தேகம் வந்தா பகா எண்ணா உடைக்கணும், 144 = 2×2×2×2×3×3, எல்லாம் ஜோடி சேந்துருச்சு. 46 = 2×23, ரெண்டும் தனியா நிக்குது.

ரிட்டயர்டு_ராமநாதபுரத்தான்:
வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, எம்மாம் பெரிய சதுரம்!

டைல்ஸ்_வில்லாபுரம்:
சார் அது சதுரம் இல்ல, பாத்தாதான் அப்படித் தெரியும். சுமாரா 1000 அடிக்கு 950 அடி. ஒரு பக்கம் 50 அடி கொறஞ்சதுக்கே 50,000 சதுர அடி போயிருச்சு பாருங்க.

கோலப்பொடி:
இம்புட்டு எதுக்கு, வாசல்லயே இருக்கு. 7 புள்ளி வச்சு 1ல முடியுற நேர்ப்புள்ளிக் கோலம் போடத் தெரியுமா அவளுக்கு? மேலருந்து 1, 3, 5, 7, அப்பறம் 5, 3, 1. ஒத்தப்படை எண்ணா 1லேர்ந்து கூட்டிட்டே வந்தா வர்க்கம்தான் வரும்: 1+3 = 4, 1+3+5 = 9, 1+3+5+7 = 16. ஏன்னு கேட்டா, 3க்கு 3 புள்ளிய 4க்கு 4 ஆக்கணும்னா வலப்பக்கம் 3, கீழ 3, மூலைல 1, ஆக 7 தான வைக்கணும். இப்ப நம்ம கோலத்துல மேல் பாதி 16, மிச்சம் 9, மொத்தம் 25 புள்ளி. இதே கோலத்துல செஸ் போர்டு மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணு ரெண்டு கலர்ப்பொடில வைங்க, ஓரத்துப் புள்ளியெல்லாம் ஒரே கலரா வரும், அந்தக் கலர்ல 4க்கு 4 சதுரம் ஒண்ணு சாய்ஞ்சு நிக்கும், அதுக்குள்ள இன்னொரு கலர்ல 3க்கு 3. எனக்கு இது தெரிய வந்தப்ப வயசு நாப்பது, கணக்குல பெயிலானவ நான்.

திருநகர்_அம்மா:
எல்லாருக்கும் நன்றிங்க, ஒரு வாரம் கழிச்சு வர்றேன். கட்டம் போட்டு கலர் அடிச்சதும், அய்யய்யோ 60 கல்லு விட்டுட்டேனேன்னு அவளே சொல்லிட்டா, இப்ப 17, 24ன்னு எதக் கேட்டாலும் பட்டை போட்டுத்தான் சொல்றா, கொஞ்சம் நேரம் ஆகுது, ஆகட்டும். கோலம்தான் பெரிய கூத்து. எங்கத்தை 15 புள்ளி நேர்ப்புள்ளி வச்சாங்க, வச்சு முடிக்குறதுக்கு முன்னாடியே இவ 64ம் 49ம் 113 புள்ளி பாட்டின்னுட்டா. அத்தை நம்பாம ரெண்டு தடவ எண்ணுனாங்க, 112 தான் வருது. கடைசில பாத்தா எங்க வீட்டுக்காரர் வண்டிய எடுக்குறப்ப ஓரத்துல ஒரு புள்ளிய மிதிச்சு அழிச்சுட்டுப் போயிருக்கார்.

இப்ப வேற ஒண்ணு. புக்ல (-3)க்கும் வர்க்கம் 9னு இருக்காம். ரூமோட பக்கம் -3 அடின்னா டைல்ஸ் எப்படி ஒட்டுவாங்கன்னு அந்த மாமாகிட்ட கேளும்மாங்குறா. தம்பி, பதில் சொல்லுங்க.