ஆஸ்டியோல்: துளையா, வாசலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அத்திக்காயின் முனையில் குளவி நுழையும் திறப்பான ஆஸ்டியோலுக்கு (ostiole) தமிழில் 'நுண்துளை' போதும் என்று இந்த இழையில் மூவர் எழுதிவிட்டீர்கள். எனக்கு உடன்பாடில்லை. இலைத்துளை, பட்டைத்துளை, சூல்துளை, சுவாசத்துளை, மண்டையோட்டின் அடியில் பெருந்துளை, கடற்பஞ்சுகளுக்குத் துளையுடலிகள் என்று நம் உயிரியல் நூல்கள் ஏற்கெனவே சல்லடையாகக் கிடக்கின்றன. இன்னும் ஒன்று போடுவானேன்?

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால், கால்வாய் ஓரம் ஓர் அத்தி நிற்கிறது. அடிமரத்திலேயே குலைகுலையாகக் காய்க்கும் இனம். சனிக்கிழமை காலை, கீழே விழுந்திருந்த காய் ஒன்றை எடுத்து வந்து, பழம் நறுக்கும் கத்தியால் காம்பிலிருந்து நேராகப் பிளந்தேன். (அந்தக் கத்தியை மனைவி மூன்று முறை கழுவினார்.) காம்புக்கு எதிர்முனையில் தொப்புள் போல ஒரு சுழி. அதுதான் ஆஸ்டியோல். வெறும் ஓட்டை என்று சொல்ல முடியாது. சின்னஞ்சிறு செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வழியை அடைத்திருந்தன. உள்ளிருக்கும் பூக்களுக்கு மகரந்தம் கொண்டுவரும் பெண் குளவி, ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உள்ள பூச்சி, இந்தச் செதில்களுக்கு இடையே தலையைக் கொடுத்து நெருக்கித்தான் நுழைய வேண்டும். அந்த நெரிசலில் இறக்கை பிய்ந்துவிடும். உணர்கொம்பும் பெரும்பாலும் முறிந்துவிடும்.

வெளியேறும் கதை வேறு. பல அத்தி இனங்களில், உள்ளேயே பிறந்து உள்ளேயே சாகும் இறக்கையற்ற ஆண் குளவிகள் காயின் சுவரைக் கடித்துக் குடைகின்றன. புதிய பெண் குளவிகள் அந்த வழியாகப் பறந்துபோகின்றன. குடைந்தது துளை; அதில் சண்டையே இல்லை. ஆக ஒரே காயில் மரம் வைத்த வாசல் ஒன்று, குளவி போட்ட துளை ஒன்று. இரண்டையும் துளை என்றால், மரத்தடியில் நிற்கும் பிள்ளைக்கு எது எது என்று எப்படிப் பிரித்துச் சொல்வேன்? இங்கே பள்ளியில் அறிவியல் ஆங்கிலத்தில்தான். பாடநூலின் தயவில் எந்தக் கலைச்சொல்லும் பிழைக்காது. கேட்டவுடன் புரிந்தால்தான் நிற்கும்.

இனி வேர். லத்தீனில் 'ஓஸ்' என்றால் வாய். அதிலிருந்து வந்த 'ஓஸ்டியம்' வாசலைக் குறிக்கும். அதன் சிறுமை வடிவம்தான் ஆஸ்டியோல். நம் 'வாயில்' பிறந்ததும் வாயிலிருந்துதான். இல்வாய் என்பது முன்பின் மாறி வாயில் ஆனதை இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகப் படித்திருக்கிறோம். ஆறாம் குறளில் ஐம்பொறிகள் 'பொறிவாயில்' ஆகின்றன. உடம்பையே ஒன்பது வாசல் வீடு என்று சொல்லிப் பழகியவர்கள் நாம்.

இதே இழையில் யாழ்ப்பாணத்து ஐயா சொன்ன 'புழை' (துளை, நுழைவழி என்று பொருள்) எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் சிராங்கூன் சாலையில் நின்று அதைச் சொன்னால் ஆலப்புழையா என்று கேட்பார்கள். 'சிறுவாயில்' என்பதிலும் ஒரு தொல்லை: 'குளவி வாயில் நுழைந்தது' என்று எழுதிவிட்டு, யாருடைய வாயில் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் என் பரிந்துரை 'சிறுவாசல்'. பேச்சு வழக்கு என்று முகம் சுளிப்பவர்கள், கோயில் வாசல் என்று தாமே எழுதுவதை நினைத்துப் பார்க்கலாம்.

சிறுமை வடிவம் அல்லாத ஓஸ்டியம் வெறும் 'வாசல்'. கரப்பானின் இதயத்தில் 13 அறைகள். ரத்தம் உள்ளே வரும் திறப்புகளுக்கும் ஓஸ்டியம் என்றுதான் பெயர்; அவற்றில் வந்ததைத் திரும்ப விடாத வால்வுகள் உண்டு. கதவோடு கூடிய வாசல், பொருத்தம் சரி. கடற்பஞ்சில்தான் சற்று வேடிக்கை. நீர் நுழையும் திறப்புகள் லத்தீன்படி வாசல்கள். அது வெளியேறும் ஆஸ்குலமோ 'சிறுவாய்'. வாசலில் நுழைந்து வாயால் வெளியேறுகிறது. இந்தக் குழப்பத்துக்கு நாம் பொறுப்பில்லை.

இலைகளில் உள்ள திறப்பான ஸ்டோமாவை விட்டுவிடலாம். கிரேக்கத்தில் வாய் என்று பொருள்படுவதால் இலங்கையின் 'இலைவாய்' மூலத்துக்கு நெருக்கம். தமிழ்நாட்டில் 'இலைத்துளை' வேரூன்றிவிட்டது. இரண்டும் இருக்கட்டும்.

பூச்சிகளின் சுவாசத்துளைகளில் பலவும் மூடித் திறப்பவைதானே, அவற்றையும் வாசல் ஆக்குவீர்களா என்று மதுரை அம்மா கேட்கப்போகிறார். ஆக்கத்தான் ஆசை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள் அம்மா, முதல் மடல் என்னுடையது.