16 ஆம்பியர் பிளக் பாயிண்டுக்கு 20 ஆம்பியர் பிரேக்கர் சரியா?

சாட்ஸ்வொர்த்_வீடு:
பழைய வீடு. சமையலறையிலும் துணி துவைக்கிற இடத்திலும் சேர்த்து ஆறு பிளக் பாயிண்ட், எல்லாம் ஒரே சர்க்கியூட். பாயிண்டில் 16 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது, டிபி போர்டில் (வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பிரிக்கும் பெட்டி) பிரேக்கர் 20. பாயிண்ட் கருகிவிடாதா? ஹீட்டர், கெட்டில், வாஷிங் மெஷின் மூன்றும் ஓடினால் ட்ரிப் ஆகிறது. 32 போட்டால் சரியாகும் என்கிறார்கள்.

டர்பன்_வயரிங்:
20 அதிகமோ என்று பயப்படுகிறீர்கள், அதே மூச்சில் 32 கேட்கிறீர்கள்!

தென்னாப்பிரிக்க வயரிங் தரவிதியான எஸ்ஏஎன்எஸ் 10142-1 படி 16 ஆம்பியர் பாயிண்டுகள் உள்ள சர்க்கியூட்டுக்கு 20 வரை பிரேக்கர் போடலாம். ஒரு பிளக்கில் ஒரு சாதனம் 16-க்கு மேல் இழுக்காது. 230 வோல்ட்டில் அது 3680 வாட். ஆறு பாயிண்டும் சேர்ந்து இழுப்பதைத்தான் பிரேக்கர் கவனிக்கிறது.

உங்கள் கணக்கு: கெட்டில் 2200 வாட் என்றால் 9.6 ஆம்பியர், ஹீட்டர் 2000 வாட் 8.7, மெஷின் தண்ணீரைச் சூடாக்கும்போது இன்னொரு 8.7. மொத்தம் 27. பிரேக்கர் தன் வேலையைத்தான் செய்கிறது. 32 போட்டால் அந்த 27 ஆம்பியரும் சுவருக்குள் 2.5 எம்எம் (கம்பியின் குறுக்குவெட்டு, சதுர மில்லிமீட்டரில்) கேபிளில் நிற்காமல் ஓடும். கூரையில் இன்சுலேஷனுக்கு அடியில் போகும் கேபிள் என்றால் சூடு வெளியேற வழியே இல்லை. உறை உருகும், பிரேக்கர் சும்மா இருக்கும்.

மாரிட்ஸ்பர்க்_மின்பணி:
ஒரு ஓட்டையைச் சொல்லவேண்டும். ஒரே பாயிண்டில் அடாப்டர் செருகி இரண்டு ஹீட்டர் ஓட்டினால் அந்த ஒரு பாயிண்ட் வழியே 17, 18 ஆம்பியர் போகும். 20 பிரேக்கருக்கு அது தெரியாது. உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து, பிளக் முள் பழுப்பாகும். அப்படிப் பழுப்பான பாயிண்டை மாற்றிவிடுங்கள், சுரண்டிப் பயன்படுத்தாதீர்கள். ஸ்க்ரூ சரியாக இறுகாததாலும் பாயிண்ட் கருகும்.

சாட்ஸ்வொர்த்_வீடு:
நன்றி அண்ணே. கேபிள் 2.5 தானா என்று எப்படிப் பார்ப்பது?

டர்பன்_வயரிங்:
மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதிசெய்துவிட்டு பாயிண்டைத் திறந்து பாருங்கள். கேபிள் உறையில் அளவு அச்சாகியிருக்கும். பின்னால் யாராவது நீட்டியிருந்தால் நடுவில் 1.5 எம்எம் துண்டு இருக்கலாம். அப்போது 20 பிரேக்கரே அதிகம், அந்தத் துண்டை மாற்றவேண்டும்.

ட்ரிப் தீர வழி: துணி துவைக்கிற இடத்துக்குத் தனி சர்க்கியூட். டிபி போர்டிலிருந்து 2.5 எம்எம் ட்வின் அண்ட் எர்த் (இரண்டு கம்பியும் எர்த் கம்பியும் உள்ள கேபிள்), தனி 20 பிரேக்கர், 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜின் (மின்கசிவு வந்தால் அணைக்கும் சுவிட்ச்) கீழே. புது சர்க்கியூட் என்பதால் பதிவுபெற்ற மின்பணியாளர் சோதித்து சிஓசி (வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ்) தரவேண்டும்; வீட்டை விற்கும்போதும் அது கேட்பார்கள். அதுவரை மெஷின் ஓடும்போது ஹீட்டரை வேறு சர்க்கியூட்டில் உள்ள அறையில் செருகுங்கள்.