பழைய ரூகர் 10/22 வாங்கலாமா, புதியதா?

கேள்வி:
1970களில் செய்யப்பட்ட ரூகர் 10/22 என்னும் .22 அரைத்தானியங்கி ரைபிள் ஒன்று நல்ல நிலையில் விற்பனைக்கு வந்திருக்கிறது. காகித இலக்குகளைச் சுட்டுப் பழகுவதற்கு மட்டுமே எனக்குத் துப்பாக்கி தேவை. அதை வாங்குவதா, புதியதை வாங்குவதா?

மறுமொழி 1:
1964இல் அறிமுகமானதிலிருந்து இதன் அடிப்படை அமைப்பு மாறவில்லை. பத்துத் தோட்டா கொள்ளும் சுழல் மேகசின் (தோட்டாக்களை அடைத்துச் செருகும் கூடு) பழையதிலும் புதியதிலும் ஒன்றுபோலவே பொருந்தும். பழையதில் விசைக்கூடு (சுடும் விசையும் அதன் உறுப்புகளும் அடங்கிய பகுதி) அலுமினியம், புதியதில் பாலிமர் எனும் நெகிழி. தோளில் அணைத்துப் பிடிக்கும் வால்நட் மரக்கட்டையின் அழகுக்காகவே பலர் பழையதைத் தேடுகிறார்கள், நானும் அவர்களில் ஒருவன். ஆனால் பாலிமர் என்பதற்காகவே புதியதை ஒதுக்குவது நியாயமன்று.

மறுமொழி 2:
கையாளும்போதுதான் வேறுபாடு தெரியும். பழையதில் மேகசினை விடுவிக்கும் பொத்தான் சிறியது, அடிப்பகுதியோடு ஒட்டியே இருப்பதால் குளிரில் விரல் தடுமாறும். புதியதில் அது நீண்ட நெம்புகோல். பின்னால் பூட்டி நிறுத்திய போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் உறுப்பு) விடுவிக்க, பழையதில் போல்ட்டைச் சற்றே இழுத்தபடி சிறு நெம்புகோலின் மேல்முனையை அழுத்த வேண்டும். முதல் வாரம் முழுவதும் இதில் எரிச்சலடைந்தேன்.

மறுமொழி 3:
வாங்குமுன் குழலின் வாயை, அதாவது தோட்டா வெளியேறும் முனையை, நன்கு பாருங்கள். போல்ட் இயங்கும் உடற்பகுதியான ரிசீவரின் பின்புறத்தில் துளை இல்லாததால் பலரும் துப்புரவுக் கம்பியை வாய்வழியாகவே செலுத்தியிருப்பார்கள். அங்கே தேய்மானம் இருந்தால் குறி சிதறும். தேய்ந்திருந்தாலும் இரண்டு திருகுகளைக் கழற்றிக் குழலை மாற்றிவிடலாம்.