மின்சாரத்தின் விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போவது ஏன்?

சித்தூர் ஆயக்கட்டு:
வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். வீட்டுக் கூரையில் சோலார் போட்ட பிறகு மின்சாரம் பற்றிய செய்திகளைக் கவனித்துப் படித்து வருகிறேன். ஜெர்மனியின் மின் சந்தையில் 2023 ஜூலை 2 பிற்பகல் ஒரு மணி நேரத்துக்கு விலை மெகாவாட் மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, மைனஸ் 500 யூரோ வரை இறங்கியதாம். அப்படியென்றால் ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்பவருக்கு விற்பவரே அரை யூரோ கொடுக்க வேண்டும். தேங்காய்க்கு விலை இல்லையென்றால் நான் வெட்டாமல் மரத்திலேயே விட்டுவிடுவேன். அவர்கள் மட்டும் ஏன் உற்பத்தியை நிறுத்தவில்லை?

ஓய்வுபெற்ற கொதிகலன் பொறியாளர்:
ஐயா, தேங்காயை விட்டுவிட்டுக் கறவை மாட்டை நினைத்துப் பாருங்கள். பால் விற்கவில்லை என்பதற்காக ஒரு வேளை கறக்காமல் விட முடியாது. நான் பல ஆண்டுகள் வேலை பார்த்த அனல் மின் நிலையமும் அப்படித்தான். மூன்று மணி நேரம் விலை இல்லை என்று கொதிகலனை அணைத்தால், மீண்டும் மூட்டி முழு அழுத்தத்துக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். அதுவரை எண்ணெய் எரிக்க வேண்டும். தடித்த குழாய்களும் சுழலியும் ஆறிச் சூடாகும் ஒவ்வொரு முறையும் அவற்றின் ஆயுள் குறையும். இந்தச் செலவைவிடச் சிறிது நேரம் பணம் கொடுத்து ஓட்டுவது மலிவு என்றால், உரிமையாளர் எதிர்மறை விலையைத்தான் கேட்பார்.

இதில் மின்தொகுப்பு, அதாவது எல்லா மின் நிலையங்களையும் பயனாளர்களையும் இணைக்கும் கம்பி வலைப்பின்னல், காத்திருக்காது. உற்பத்தியும் தேவையும் நொடிக்கு நொடி சமமாக இருந்தால்தான் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்கும். அங்கே ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைகள் மூடிக் கிடக்க, வெயிலும் காற்றும் ஒன்றாகச் சேர்ந்தால் யாராவது ஒருவர் விலகியே ஆக வேண்டும். சூரிய, காற்றாலை உரிமையாளர்களில் பலருக்கு அரசு உறுதியளித்த தொகை தனியாக வருவதால் அவர்களும் எளிதில் விலகுவதில்லை. 2024இல் அந்நாட்டில் 457 மணி நேரம் விலை எதிர்மறையாக இருந்தது. அதனால்தான் 2025 பிப்ரவரி இறுதியிலிருந்து அமைக்கப்படும் புதிய சோலார்களுக்கு, அத்தகைய நேரங்களில் அந்தத் தொகை கிடையாது என்று சட்டம் திருத்தினார்கள்.

உடுமலைக் காற்று:
நம் நாட்டின் மின் பரிமாற்றச் சந்தையில் பூஜ்ஜியத்துக்குக் கீழே விலை கேட்க வழியில்லை. ஆனால் மிகுதி என்ற சிக்கல் இங்கேயும் உண்டு. ஆடிக் காற்றில், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று எங்கள் காற்றாலைகளை இரவு பகலாகச் சுழற்றும்போது, நிறுத்தச் சொல்லித் தொலைபேசி வரும். இதைத்தான் நாங்கள் ‘பேக் டவுன்’ என்கிறோம். அந்த நேரத்தில் வீணான காற்றுக்குக் கணக்கு எங்கள் பேரேட்டில் மட்டுமே இருக்கும். எதிர்மறை விலை வந்தால் எனக்கும் நட்டம்தான். ஆனாலும் எந்த மணி நேரத்தில் மின்சாரத்தை வைக்க இடமில்லை என்பது அதன் மூலம் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால், அதுவே நேர்மையான முறை என்று உறுதியாக நினைக்கிறேன்.

சித்தூர் ஆயக்கட்டு:
இருவருக்கும் நன்றி. பால் என்றதும் விளங்கிவிட்டது. அப்படியானால் மிகுதியைத் தேக்கி வைக்க இடம் வேண்டும், இல்லையா?

ஓய்வுபெற்ற கொதிகலன் பொறியாளர்:
ஆம் ஐயா. அத்தகைய இடம் ஒன்று உங்களுக்கு மேலே ஆனைமலையிலேயே இருக்கிறது. காடம்பாறை நீர்மின் நிலையத்தில் 100 மெகாவாட் திறனுள்ள நான்கு எந்திரங்கள் உள்ளன. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு அணையின் தண்ணீரை மேலே ஏற்றி, தேவை கூடும்போது அதையே கீழே விட்டு மின்சாரம் எடுக்கலாம். விலை சரியும் நேரத்தில் வாங்கி உயரும் நேரத்தில் விற்பவர்கள் பெருகப் பெருக, எதிர்மறை மணி நேரங்கள் குறையும். அந்த ஆழியாற்றுத் தண்ணீர்தான் பிறகு மணக்கடவு தாண்டி உங்கள் சித்தூர் வாய்க்கால்களுக்கும் வருகிறது.