சான் ஸ்டார்ம் கார் விற்க உதவி வேண்டும்

கீழக்கரையில் எங்க மாமா வீட்டு ஷெட்டில் ஒரு சான் ஸ்டார்ம் நிற்கிறது. ரெண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த கூரை கார், 1149 சிசி ரெனோ என்ஜின், மொத்தமே 11,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, இப்போது விற்றுவிடலாம் என்கிறார். பாடி ஃபைபர் என்பதால் உப்புக்காற்று ஒன்றும் செய்யவில்லை, ஆனால் அடியில் சேஸிஸ் இரும்புதானே, அதுதான் பயம். ராமநாதபுரம், மதுரைப் பக்கம் வண்டியைத் தூக்கிவைத்துத் துரு பார்த்துச் சொல்லும் நல்ல மெக்கானிக் யாராவது இருக்கிறாரா? கேன்வாஸ் கூரை மடிப்பில் லேசாக வெடித்திருக்கிறது, தைப்பவர் இருந்தாலும் சொல்லுங்கள். அப்புறம் ஆர்சி, 15 வருடம் முடிந்து 5 வருடத்துக்குப் புதுப்பித்தது, அடுத்த மாதம் அதுவும் முடிகிறது. புதுப்பித்துவிட்டு விற்பதா, அப்படியே விற்பதா? என்ன விலை சொல்வது என்றும் தெரியவில்லை. பழைய இரும்புக் கணக்கில் மட்டும் கேட்காதீர்கள், மாமா காதில் விழுந்தால் என்னைத்தான் திட்டுவார்.