‘வேலை உரிமைச் சட்டம்’ என்பதற்கு மாற்றுச் சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க மாநிலங்களின் ‘ரைட் டு வொர்க்’ சட்டங்களுக்கு ‘வேலை உரிமைச் சட்டம்’ என்ற சொல் இங்கே முன்மொழியப்பட்டது. சொல்லுக்குச் சொல் அது சரியே. ஆயினும் அச்சட்டம் எவருக்கும் வேலை தருவதில்லை. எவருடைய வேலை பறிபோவதையும் தடுப்பதில்லை. தொழிற்சங்கமும் நிறுவனமும் செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தத்தின் பயனைப் பெறும் தொழிலாளர் அனைவரும் அந்தச் சங்கத்துக்குச் சந்தாவோ கட்டணமோ செலுத்த வேண்டும் என்ற விதியை அந்த ஒப்பந்தத்தில் சேர்க்கக் கூடாது என்பதே அதன் சாரம். பஞ்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற என் மாமாவிடம் வரைவைப் படிக்கக் கொடுத்தபோது, அந்த வரியில் விரலை வைத்து, “நம்ம நூறு நாள் வேலை மாதிரி அங்கேயும் இருக்கா?” என்று கேட்டார். அன்றே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

பெயரை அப்படியே பெயர்த்தால் வரலாறும் மறைந்துவிடும். 1940களில் இதற்காகப் பரப்புரை செய்த டெக்சாஸைச் சேர்ந்த வான்ஸ் மியூஸ், சங்கம் வந்தால் வெள்ளையர் கறுப்பரோடு ஒரே அமைப்பில் சேர நேரும் என்று அச்சமூட்டியவர். 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் என்ற நாடு தழுவிய தொழிலாளர் சட்டம், இத்தகைய சட்டத்தை இயற்றும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு உறுதிசெய்தது. அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன பதினொரு தென் மாநிலங்களிலும் இன்று இச்சட்டம் உண்டு. இந்தப் பெயர் ஏமாற்று முழக்கம் என்று கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1961இலேயே எச்சரித்தார்.

சந்தாவின் மதிப்பை அறிய அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள மெம்ஃபிஸ் நகரைப் பார்க்க வேண்டும். 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்குக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு தொழிலாளர்கள் அதன் அழுத்து இயந்திரத்தில் சிக்கி மாண்டனர். பதினொரு நாள் கழித்து, ஏறத்தாழ 1,300 கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சங்க அங்கீகாரமும் சம்பளத்திலேயே சந்தாவைப் பிடித்துத் தருவதும் அவர்களின் முக்கியக் கோரிக்கைகளாக இருந்தன. மேயர் ஹென்றி லோப் இரண்டையும் மறுத்தார். கிங் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே, ஏப்ரல் 16 அன்று, தொழிலாளர்களின் கூட்டுறவுக் கடன் சங்கம் வழியாகச் சந்தாவைச் செலுத்தும் ஏற்பாட்டோடு உடன்பாடு வந்தது. சந்தாப் பிடித்தம் இல்லையேல் தொழிற்சங்கம் நிலைக்காது என்பதை இரு தரப்பும் அறிந்திருந்தன.

ஆகவே ‘சந்தா’ என்ற சொல் இக்கலைச்சொல்லில் இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் முதலில் எழுதியது ‘சந்தா விலக்குச் சட்டம்’. ‘மதுவிலக்கு’ நினைவுக்கு வந்து, சந்தாவே தடைசெய்யப்பட்டதாகப் பொருள்படும் என்று நண்பர் ஒருவர் சுட்டினார். அது நியாயமான ஆட்சேபம். மற்றொருவர் சொன்ன ‘கட்டாயச் சந்தா ஒழிப்புச் சட்டம்’ ஒரு தரப்பின் வழக்கையே பெயராக்கிவிடுகிறது. சந்தா செலுத்தாதவருக்காகவும் சங்கம் நியாயமாகப் பேசியாக வேண்டும் என்ற கடமை அங்கே தொடர்வதால், ‘கட்டாயம்’ சங்கத்தின் பக்கமும் இருக்கிறது. அக்கடமை, கறுப்பர்களைச் சேர்க்க மறுத்த சங்கத்துக்கு எதிராக ஸ்டீல் என்ற கறுப்பின ரயில் தொழிலாளி தொடுத்த வழக்கில் 1944இல் பிறந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

எனவே ‘சந்தா விலக்குரிமைச் சட்டம்’ என்று திருத்தி முன்வைக்கிறேன். ‘உரிமை’ சேர்ந்ததும் தடை என்ற பொருள் விலகி, செலுத்தாமல் இருக்கலாம் என்ற பொருள் நிற்கிறது. உறுப்பினர் அல்லாதோர் செலுத்துவதைச் சந்தா என்னாமல் ‘பங்குக் கட்டணம்’ எனத் தனியே குறிக்கலாம். ஆதரவாளர்கள் இட்ட பெயரை முதல் முறை மட்டும் மேற்கோள் குறிக்குள் தந்தால் போதும்.