எந்தச் சீட்டு வந்தாலும் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகும் எதிராளியை எப்படி எதிர்கொள்வது?

கரையோரன்:

அனைவருக்கும் வணக்கம். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் உள்ள ஒரு சீட்டு அரங்கில், வாரம் ஒருமுறை ஐந்து மணி நேரம், 1-3 டாலர் பிளைண்ட் (சீட்டு பிரிக்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) கொண்ட நோ-லிமிட் டெக்சஸ் ஹோல்டெம் என்னும் போக்கர் ஆட்டம் ஆடி வருகிறேன். கடந்த ஐந்து வாரங்களாக என் மேசையில் ஒருவர் தவறாமல் வந்து அமர்கிறார். பத்து ஆட்டங்களில் ஏழு ஆட்டங்களையாவது ரெய்ஸ் செய்துதான், அதாவது பந்தயத்தை உயர்த்தித்தான், தொடங்குகிறார். ஃபிளாப்பில் (மேசை நடுவில் முதலில் திறக்கும் மூன்று பொதுச்சீட்டுகள்) எது விழுந்தாலும் பந்தயம் வைக்கிறார். டர்னிலும் (நான்காம் பொதுச்சீட்டு) ரிவரிலும் (ஐந்தாம், கடைசிச் சீட்டு) தொகையை ஏற்றிக்கொண்டே போகிறார். இந்த ஐந்து வாரங்களில் நான் இழந்தது 900 டாலர். அதில் பெரும்பகுதி அவரிடம்தான் போனது.

என்னை உறங்கவிடாத ஓர் ஆட்டத்தை மட்டும் இங்கே விவரிக்கிறேன். இருவரிடமும் தொடக்கத்தில் 300 டாலர் இருந்தது. அவர் 20 டாலருக்கு ரெய்ஸ் செய்தார். இஸ்பேடு ஏஸும் டைமன் ஜாக்கியும் வைத்திருந்த நான் கால் செய்தேன், அதாவது அதே தொகையை வைத்தேன். மற்றவர்கள் விலகிவிட, பிளைண்டுகளோடு சேர்த்துப் பாட்டில் (நடுவில் குவியும் பந்தயப் பணம்) 44 டாலர் சேர்ந்தது. ஃபிளாப்பில் ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் 8, கிளாவர் 4 விழுந்தன. அவர் 40 வைத்தார், கால் செய்தேன். டர்னில் டைமன் 2. அவர் 100 வைத்தார், மீண்டும் கால் செய்தேன். ரிவரில் இஸ்பேடு ராஜா விழுந்ததும் மீதமிருந்த 140 டாலரையும் அவர் தயங்காமல் நடுவில் தள்ளினார். பாட்டில் அப்போது 324 டாலர் இருந்தது. ராஜா வந்துவிட்டதே என்ற அச்சத்தில் நெடுநேரம் யோசித்து ஃபோல்ட் செய்தேன், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகினேன். அவர் ஆட்டின் 7, ஆட்டின் 6 ஆகிய இரண்டையும் திருப்பிக் காட்டினார். அவர் கையில் ஒரு ஜோடிகூட இல்லை.

அதன் பிறகு அவருக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்று நானும் வெறும் சீட்டுகளை வைத்து அவரை எதிர்த்து ரெய்ஸ் செய்யத் தொடங்கினேன். அது இன்னும் மோசமாக முடிந்தது. இப்படிப்பட்டவரிடம் பொறுமையாக நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பதுதான் வழியா, அல்லது அவரைப் போலவே ஆட வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கணக்குப்பிள்ளை:

கரையோரன் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் கேட்ட இரண்டு வழிகளுமே சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. அவருடைய குறை, அளவுக்கு மீறிப் பந்தயம் வைப்பது. பந்தயம் வைப்பவரிடமிருந்து பணம் பெற நாம் செய்ய வேண்டியது கால். ரெய்ஸுக்கு அடுத்த இடம்தான்.

உங்கள் ரிவர் முடிவையே எண்ணிப் பார்ப்போம். 140 டாலர் போட்டால் மொத்தம் 604 டாலர் கொண்ட பாட்டை வெல்லலாம். 140ஐ 604ஆல் வகுத்தால் 23 சதவீதத்துக்குச் சற்று மேல் வரும். அதாவது, நான்கு முறையில் ஒருமுறைக்கும் சற்றுக் குறைவாக உங்கள் ஜாக்கி ஜோடி வென்றாலே நீங்கள் நட்டப்படமாட்டீர்கள். ராஜா விழுந்தது அச்சமூட்டும் நிகழ்ச்சிதான். ஆனால் அந்த ராஜா எத்தனை கைகளுக்கு உண்மையில் உதவியது என்று கேட்க வேண்டும்.

அவர் கையில் இருந்தால் உங்களை வெல்லும் இரு சீட்டுச் சேர்க்கைகளை வரிசையாக எண்ணுவோம். ராஜா-ஜாக்கி 6 வகை, ஏஸ்-ராஜா 9 வகை, மும்மை (ஒரே மதிப்புள்ள மூன்று சீட்டு) அமைந்த கைகள் 13 வகை, ஏஸ் ஜோடியும் ராணி ஜோடியும் சேர்ந்து 9 வகை, ஜாக்கி-8 இரட்டை ஜோடி 6 வகை, ஆட்டின் ராஜாவுடன் இன்னோர் ஆட்டின் வைத்திருந்து ஃபிளஷ் (ஒரே சின்னமுள்ள ஐந்து சீட்டு) தவறினாலும் ராஜா ஜோடி அமைந்தவை 9 வகை, ஆட்டின் 4-2 ஒன்று. ஆக மொத்தம் 53. இனி, உங்களிடம் தோற்கும் கைகளைப் பாருங்கள். இரண்டு ஆட்டின் கிடைத்தால் எதையும் விடாத ஒருவருக்கு, ஃபிளஷ் தவறிய கைகள் மட்டும் 44 வகை. வரிசை (அடுத்தடுத்த ஐந்து சீட்டு) தவறிய 10-9 இன்னும் 15 வகை. மொத்தம் 59. இந்த 59இல் அவர் 16ஐ மட்டும் ரிவரில் தள்ளினாலே (53உடன் சேர்த்து 69இல் 16, அதாவது அந்த 23 சதவீதம்) உங்கள் கால் சமன் ஆகிவிடுகிறது. நீங்கள் விவரிக்கும் மனிதர் 16ஓடு நிற்பவராக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் கையில் ஆட்டின் ஒன்றுகூட இல்லை. உங்கள் ஏஸ் இஸ்பேடாக இல்லாமல் ஆட்டினாக இருந்திருந்தால், தவறிய ஃபிளஷ் சேர்க்கைகளில் 9 குறைந்திருக்கும், கால் செய்வதும் அந்த அளவுக்குக் கடினமாகியிருக்கும். ஒரே ஜாக்கி ஜோடிதான், ஆனால் பக்கத்துச் சீட்டின் நிறம் (இஸ்பேடு, ஆட்டின் போன்ற சின்னம்) முடிவையே மாற்றக்கூடும். இதை நான் மிகவும் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

இஸ்பேடு ராணி:

கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன எண்ணிக்கையை ஏற்கிறேன். கரையோரன் அவர்கள் தம்மை நொந்துகொள்ளத் தேவையில்லை என்பதற்காக ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 2003ஆம் ஆண்டு லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில், கடைசி இருவராக கிறிஸ் மணிமேக்கரும் சாம் ஃபார்ஹாவும் மோதியபோது இதே நிலைதான் வந்தது. ஃபார்ஹாவிடம் ராணி-9, மேசையில் இருந்த சீட்டுகளில் 9தான் பெரியது. மணிமேக்கரிடம் ராஜா-7, ஃபிளஷும் வரிசையும் இரண்டுமே தவறியிருந்தன. ரிவரில் மணிமேக்கர் ஆல்-இன் (கையிலுள்ள முழுத் தொகையும் பந்தயம்) என்றார். ஆக்கிரமிப்பாக ஆடுவதற்குப் பெயர் பெற்ற ஃபார்ஹாவே அன்று அந்த ஜோடியை ஃபோல்ட் செய்தார். 839 பேர் கலந்துகொண்ட அந்தப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் பரிசைப் பெற்றவர் மணிமேக்கர்.

ஆனால் கால் செய்வதற்கு முன்பு ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும்: உங்கள் எதிராளி கண்மூடித்தனமாக ஆடுபவரா, அல்லது யோசித்து ஆக்கிரமிப்பவரா? வெளித்தோற்றத்தில் இருவரும் ஒன்றுபோலவே இருப்பார்கள். முதல் வகையினர் எந்த இடத்தில் அமர்ந்திருந்தாலும், எத்தனை பேர் பாட்டில் இருந்தாலும், ஒரே மாதிரி ரெய்ஸ் செய்வார்கள். இரண்டாம் வகையினர் டீலர் பட்டனுக்கு (கடைசியாகப் பேசும் இடத்தைக் காட்டும் வில்லை) அருகில் இருக்கும்போது மிகுதியாகவும், முதலில் பேச வேண்டிய இடத்தில் இருக்கும்போது குறைவாகவும் ரெய்ஸ் செய்வார்கள். எளிதில் மடக்க முடியாத ஒருவர் நடுவில் இருந்தால் பிளஃப் (வெறும் கையை வைத்துப் பந்தயத்தால் மிரட்டுவது) செய்யவே மாட்டார்கள். நீங்கள் ஆட்டத்தில் இல்லாத நேரங்களில் கைப்பேசியைப் பார்க்காமல், கடைசியில் திருப்பிக் காட்டப்படும் ஒவ்வொரு சீட்டையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ரிவரில் பெரிய தொகை வைத்து அவர் காட்டிய கைகளில் வெறும் கை எத்தனை என்று தெரிந்தால், மேலே சொன்ன 16 என்ற எண்ணை அவர் தாண்டுகிறாரா என்பதற்கு உங்களிடமே சான்று கிடைத்துவிடும்.

நான்காம் இருக்கை:

சீட்டு பிரிக்கப்பட்ட உடனே எடுக்கும் முடிவைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை, ஆகவே அதைச் சொல்கிறேன். பத்தில் ஏழு ஆட்டங்களை ரெய்ஸ் செய்பவரின் கை, ஏறத்தாழ எந்த இரண்டு சீட்டுகளாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட கைக்கு எதிராக 9 ஜோடி ஏறத்தாழ 72 சதவீதமும், நிறம் சேராத ஏஸ்-ஜாக்கி ஏறத்தாழ 64 சதவீதமும் வெல்லக்கூடியவை. எனவே இவை காத்திருந்து கால் செய்யும் சீட்டுகள் அல்ல. அவர் 20 வைத்தால் நீங்கள் 65 வையுங்கள். மற்றவர்கள் விலகுவார்கள், அவர் விலகமாட்டார். நமக்கு வேண்டியதும் அதுவே.

அதே சமயம், ஒரே நிறத்தில் அமைந்த 6-5 போன்ற அழகான சிறு சீட்டுகளின் மீதுள்ள ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாப்பில் நான்கு ஒரே நிறச் சீட்டு அமைந்தாலும், ரிவருக்குள் ஃபிளஷ் கிடைக்கும் வாய்ப்பு 35 சதவீதம்தான். ஒவ்வொரு சீட்டுக்கும் அவர் உங்களிடம் பெரும் விலை வாங்குவார். வெறும் கையை வைத்து அவரை விரட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பயந்து விலகும் பழக்கமே இல்லாதவரிடம் பிளஃப் செய்வது பணத்தைத் தானமாகக் கொடுப்பதற்குச் சமம்.

இருக்கையும் முக்கியம். ஆட்டம் கடிகாரச் சுற்றில் செல்வதால், அவருக்கு இடப்பக்கத்தில் அமர்ந்தால் அவர் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்கலாம். அந்த இடம் காலியானால் உடனே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இஸ்பேடு ராணி:

இருக்கை விஷயத்தில் நான்காம் இருக்கை அவர்களோடு நான் ஓரளவு மாறுபடுகிறேன். அவர் ரெய்ஸ் செய்த பிறகும் நான்கு பேர் கால் செய்து உள்ளே வரும் மேசையாக இருந்தால், உங்கள் 65 டாலர் யாரையும் விலக்காது. அங்கே அவர் உங்களுக்கு இடப்பக்கம் இருப்பதே நல்லது என்பது என் அனுபவம். நல்ல கை அமைந்தால் நீங்கள் செக் செய்யுங்கள், அதாவது பந்தயம் வைக்காமல் விடுங்கள். அவர் வழக்கம்போல் பந்தயம் வைப்பார். மேசையில் உள்ள மற்ற அனைவரும் அதற்குத் தங்கள் பதிலைச் சொன்ன பிறகு, கடைசியாக முடிவெடுப்பவர் நீங்களாக இருப்பீர்கள். மற்றவர்கள் பயந்து விலகும் மேசையில் அவருக்கு இடப்பக்க இருக்கை சிறந்தது என்பதை நானும் மறுக்கவில்லை.

கரையோரன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் மேசை பெரும்பாலும் இஸ்பேடு ராணி அவர்கள் சொல்வது போன்றதே. போன வாரம் ஏஸ் ஜோடி வந்து, அவருடைய ரெய்ஸை மறு ரெய்ஸ் செய்யாமல் கால் மட்டும் செய்து மறைத்து வைத்தேன். ஐந்து பேர் உள்ளே வந்து, கடைசியில் ஒரு சிறு இரட்டை ஜோடியிடம் தோற்றேன். அது தவறா, அல்லது வெறும் துரதிருஷ்டமா? ஐந்து வாரத் தோல்வி என் திறமைக் குறைவைக் காட்டுகிறதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கணக்குப்பிள்ளை:

மறைத்தது தவறுதான். ஏஸ் ஜோடி ஒருவருக்கு எதிராக 85 சதவீதம் வெல்லும். ஏதேனும் சீட்டு வைத்திருக்கும் ஐந்து பேருக்கு எதிராக அது ஏறத்தாழ 49 சதவீதமாகச் சுருங்கிவிடும். அவர்தான் எப்படியும் பணம் போடுவாரே, அவரிடமிருந்து எதை மறைக்க வேண்டும்? உங்கள் மேசை எளிதில் விலகாது என்றால் 65 போதாது. 80, 100 என்று வையுங்கள். இருவர் வந்தாலும் பெரிய தொகையைப் போட்டுவிட்டு வருவார்கள்.

தோல்வியைப் பொறுத்தவரை, நேரடி மேசையில் மணிக்கு ஏறத்தாழ 30 ஆட்டங்கள் நடக்கும். ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து மணி நேரம் என்றால் நீங்கள் ஆடியது 750 ஆட்டங்கள். இவ்வகை ஆட்டத்தின் திட்ட விலக்கம் (முடிவு சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 100 ஆட்டங்களுக்கு 80 முதல் 100 பெரிய பிளைண்ட் (இங்கே 3 டாலர்) என்று கொண்டால், 750 ஆட்டங்களுக்கு அது 220 முதல் 270 பிளைண்ட் வரை, அதாவது ஏறத்தாழ 660 முதல் 820 டாலர் வரை வரும். அப்படிப்பட்ட எதிராளி அமர்ந்த மேசையில் இன்னும் கூடுதலாகவே இருக்கும். ஆகவே 900 டாலர் என்ற தொகை உங்கள் திறமையைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஏஸ்-ஜாக்கியை ஃபோல்ட் செய்ததும் ஏஸ் ஜோடியை மறைத்ததும்தான் சொல்கின்றன, அவை இரண்டுமே திருத்தக்கூடியவை. இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் அளவுக்குத் தனியாக ஒதுக்கிய பணம் உங்களிடம் இல்லையென்றால், வீட்டுச் செலவுப் பணத்தோடு அந்த மேசைக்குப் போக வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். இழக்க முடியாத பணத்தை வைத்திருப்பவர் ரிவரில் சரியான காலைச் செய்யவே மாட்டார்.

அவரிடம் ரிவரில் நீங்கள் ஃபோல்ட் செய்யும் ஆட்டங்களை, மேசையின் ஐந்து சீட்டுகளோடும் பந்தயத் தொகையோடும் குறித்து வாருங்கள். பத்து ஆட்டங்கள் சேர்ந்ததும் இங்கே இடுங்கள். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம்.